கொட்டுக்குக் கூலி எம்புட்டு?

இசை பற்றி நம் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாட்டின் சொற்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். பாட்டில் அம்பேத்கர் வருகிறாரா, சாதி ஒழிப்பு வருகிறதா என்று பார்த்து, மார்க் போட்டு, முடித்துவிடுகிறார்கள். மோளத்தை யார் அடித்தது, எங்கே நின்று அடித்தது, அடித்து முடித்ததும் கூலியைக் கையில் வாங்கினானா, தரையில் போட்டதைப் பொறுக்கினானா என்ற கேள்விகள் விமர்சனத்துக்குள் வருவதேயில்லை. கொட்டடிக்கிற தெருவில் பிறந்தவனுக்கு இவைதான் முதல் கேள்விகள். ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவை இந்தக் கேள்விகளோடுதான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஒன்றரை வருஷம் போனில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் குழுவை 2019ல் சென்னையில் ஒரு மூடின அரங்கில் ஒருவழியாக நேரில் பார்த்தேன். பார்த்ததையும் பார்த்தபின் யோசித்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ‘பங்க்’ என்ற சொல். இந்தக் குழுவைக் கானா, ராப், ராக் கலந்த குழு என்று சொல்வது வழக்கம். அதில் பங்க் என்ற பேர் அதிகம் அடிபடுவதில்லை. ஆனாலும் எனக்கு அந்தச் சொல் வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் அது ஒரு வசவு. உதவாக்கரை, பொறுக்கி, தெருப்பயல் என்கிற அர்த்தத்தில் அடுத்தவன் மேல் எறிந்த சொல்லை, எறியப்பட்டவர்களே பொறுக்கியெடுத்துத் தங்கள் பேராக்கிக்கொண்டார்கள். 1976 செப்டம்பரில் லண்டனில் ‘100 கிளப்’ என்ற நிலவறை அரங்கில் ரெண்டு நாள் நடந்த கூத்தில், சரியாக வாசிக்கத் தெரியாத பையன்களும் பெண்களும் மேடையேறினார்கள். வேலையில்லாத காலம் அது. அடுத்த வருஷம் ஜனவரியில் அங்கே ஒரு சிறுபத்திரிகை கிட்டாரில் மூன்று விரல்நிலைகளைப் படமாக வரைந்து போட்டு, இது போதும், போய்க் குழு ஆரம்பியுங்கள் என்றது. வித்வத் என்கிற வாசல்காவலாளியை அப்படியே தள்ளிவிட்டு உள்ளே நுழைந்த காரியம். நமக்கு இது புரியாத சங்கதியா? சபாவில் உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டுகிறவன் சங்கீதம் தெரிந்தவன். ராத்திரி முழுக்கக் கேத வீட்டில் அடித்துக் கை வீங்கினவன் ‘மோளக்காரப் பய’. இந்தப் பிரிவினையை உடைக்கிற எதுவும் எனக்குப் பங்க்தான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பங்க் வெள்ளைக்காரப் பையன்களின் கோபம் மட்டும்தான் என்று ஒரு கதை ஓடுகிறது. 1977ல் லண்டன் ராக்ஸி கிளப்பில் தட்டு சுழற்றிக்கொண்டிருந்தவர் டான் லெட்ஸ் என்ற கறுப்பர். பங்க் இசைத்தட்டுகள் அப்போது ரொம்பக் குறைவு என்பதால், ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறுகிற இடைவெளிகளில் ஜமைக்காவின் ரெகே தட்டுகளைப் போட்டார். வெள்ளைப் பையன்களின் காதுக்குள் கறுப்புத் தாளம் அந்த வழியாகவும் இறங்கியது. 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் நிறவெறிக்கு எதிராகக் கூடின பெருங்கூட்டத்தில் ‘தி கிளாஷ்’ என்ற பங்க் குழுவும் ‘ஸ்டீல் பல்ஸ்’ என்ற கறுப்பர் குழுவும் ஒரே மேடையில் பாடின. அதே வருஷம் மார்கரெட் தாட்சர் வேற்றுப் பண்பாட்டுக்காரர்கள் நாட்டை மூழ்கடித்துவிடுவார்கள் என்கிற மாதிரித் தொலைக்காட்சியில் பேசினார். பாகிஸ்தானிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டு 1979ல் ‘ஏலியன் கல்ச்சர்’ என்று குழுவுக்குப் பேர் வைத்தார்கள். ரெண்டு மூன்று வருஷம்தான் இருந்தார்கள். வரலாறு எழுதினவர்கள் ரொம்ப நாள் அவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. யார் வாசித்தார்கள் என்பதைக் கவனிக்காமல் சத்தத்தை மட்டும் கவனித்தால் நம் ஆட்கள் வரலாற்றிலிருந்து காணாமல் போவார்கள் என்பதற்கு இது அங்கேயுள்ள சாட்சி.

இனி நம் குழு. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017 கடைசியில் ஆள் தேடினார்கள். தேர்வானவர்கள் 19 பேர். கானா பாடுகிறவர்கள், ராப் சொல்கிறவர்கள், சட்டி, கட்ட மோளம், பறை அடிக்கிறவர்கள், கிட்டாரும் டிரம்ஸும் வாசிக்கிறவர்கள். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் முதல் நிகழ்ச்சி. ஆயிரக்கணக்கில் கூட்டம். 1907ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து எடுத்ததுதான் குழுவின் பேர். கோட்டு சூட்டுப் போட்டு மேடையேறினார்கள். கோட்டு அம்பேத்கரின் உடை என்பதும், கோவணத்தோடு நிற்க வேண்டியவன் என்று நினைத்தவன் முன்னால் அது எப்படி எரியும் என்பதும் இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த முதல் நிகழ்ச்சிக்கு என்னால் போக முடியவில்லை. ஜனவரி என்றால் மேலே இன்னும் காய் எடுப்பு ஓயாத மாசம். போடிநாயக்கனூரிலிருந்து விடியுமுன் ஜீப் புறப்படும். போடிமெட்டுக்குப் போகிற மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். பத்துப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் அதைப்போல் ரெண்டு பங்கு பெண்கள் திணிந்து போவார்கள். பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்களில் இறங்கி, செடியின் அடியில் தரையோடு கிடக்கிற சரத்திலிருந்து பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும். தேயிலையாவது நின்றுகொண்டு கிள்ளலாம். ஏலக்காய்க்கு நாள் முழுக்கக் குனிந்தே கிடக்க வேண்டும். அஞ்சு கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். அந்த ஒரு கிலோ கீழே இறங்கிப் போடியில் ஏலத்துக்கு வரும்போது அதற்கு ஒரு விலை உண்டு. குனிந்த முதுகுக்கு அந்த விலையோடு சம்பந்தம் கிடையாது.

அந்த ஜீப்பில்தான் என் அத்தை இந்தப் பாட்டுகளை முதலில் கேட்டது. டிரைவர் பையன் போனில் போட்டிருக்கிறான். சாயங்காலம் என்னிடம் வந்து கேட்டது: “ஏய்யா, அந்த மெட்ராஸ்காரப் பயலுக கொட்டு நல்லாத்தான் அடிக்கிறானுக. அதுக்குக் கூலி எம்புட்டுக் குடுப்பாக?” நான் அரசியல் பேச வாயெடுத்தேன். அத்தை விடவில்லை. “அதெல்லாஞ் சரிய்யா. கிட்டாரு வாசிக்கிறவனுக்கும் இவனுக்கும் ஒரே கூலியா?”

இசை விமர்சனம் என்று நான் படித்த எதிலும் இவ்வளவு கூர்மையான கேள்வியைப் பார்த்ததில்லை.

அரங்கில் நான் தேடினது இதற்கான பதிலைத்தான். கணக்குப் புத்தகத்தை யாரும் காட்டப்போவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற கூலி ஒன்று உண்டு. அது நிற்கிற இடம். சினிமாப் பாட்டில் பறை வரும். திரையில் அடிக்கிறவன் கதாநாயகனுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் நிற்பான். கோயில் கொடையில் நாதஸ்வரக்காரர் திண்ணையில், கொட்டுக்காரன் தெருவில். இங்கே கட்ட மோளமும் கிட்டாரும் ஒரே பலகைமேல், ஒரே விளக்கில், ஒரே உடையில். பாட்டுக்காரன் மூச்சு வாங்க ஒதுங்கினபோது முன்னால் வந்து நின்றது தாளக்காரன். கிட்டார் அவனுக்கு வழி விட்டுத் தணிந்து வாசித்தது. போனில் கேட்டபோது கிட்டார்தான் மேலே நிற்கிற மாதிரி இருந்தது; தோல்வாத்தியம் கீழே ஓடுகிற சரக்கு மாதிரிக் கேட்டது. நேரில் எல்லாம் தலைகீழ். சட்டி நெஞ்சில் அடித்தது. கிட்டார்தான் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் குழுவை நேரில் பார்க்க வேண்டும் என்பேன். பதிவில் கேட்கிறவனுக்குப் பாட்டின் கருத்து கிடைக்கும். அடுக்கு உடைவதை மேடையில்தான் பார்க்க முடியும்.

ஆனால் எல்லாரும் ஆடினபோது எனக்கு உடனே உடம்பு ஆடவில்லை. அதற்கும் காரணம் சொல்லியாக வேண்டும்.

எங்க பக்கம் பறை என்று சொல்ல மாட்டோம். தப்பு, இல்லாவிட்டால் கொட்டு. 1989 ஜனவரியில் ஜெயலலிதா போடி தொகுதியில் ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவராகி, ஊர் பேர் பத்திரிகையில் அடிபட்டது. அதே வருஷம் செப்டம்பரில் போடி வட்டாரத்தில் சாதிக் கலவரம். உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. அதற்கு அடுத்த வருஷம் மேலத்தெருவில் ஒரு பெரிய கேதம். கொட்டடிக்க என் சித்தப்பாவைக் கூப்பிட ஆள் வந்தது. “வர முடியாது” என்றார். அந்த ரெண்டு சொல்லுக்குக் கிடைத்த தண்டனை, காட்டு வேலைக்கு யாரும் கூப்பிடாதது. கடையில் கடன் நின்றது. சித்தப்பா தப்பைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு மலைக்கு மருந்தடிக்கிற வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு தெருவில் எந்தப் பிள்ளையும் அந்தத் தப்பைத் தொடக்கூடாது. தொட்டால் அடி. தொடாமலிருப்பதுதான் அவருக்கு விடுதலை. அவர் பேச்சில் கலை, தொன்மை, தமிழரின் ஆதி இசை என்ற வார்த்தையெல்லாம் கிடையாது. “கூப்பிட்டா போகணும், குடுத்தா வாங்கணும். அதுக்குப் பேரு வாசிப்பாடா?” என்பார்.

இந்த மறுப்புக்கு வரலாறு உண்டு. 1927ல் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் செத்த மாட்டிறைச்சி தின்பதை விடச் சொன்னார். இழிவென்று நம் தலையில் கட்டின வேலைகளைத் தூக்கியெறிவது விடுதலையின் முதல் படி என்ற பாடம் அது. தமிழ்நாட்டுச் சேரிகளில் தப்படிக்க மறுத்து அடி வாங்கினவர்கள் பலர். 1990களில் இன்னொரு பாதை திறந்தது. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தலித் கலைவிழாக்கள் நடந்தன. அங்கே ஆசிரியராயிருந்த ‘பரட்டை’ தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டைத் தேவாலய வழிபாட்டுக்குள் கொண்டுபோனார். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஆடினார்கள். பெண் தொடக்கூடாது என்றிருந்த வாத்தியத்தைப் பெண்ணே அடித்தது ரெண்டாவது கலகம். இழிவென்று சொன்னதையே கொடியாக்கு என்பது இந்தப் பாதை. ராஜ் கௌதமன் போன்றவர்கள் எழுத்தில் அதே காலத்தில் செய்த காரியமும் இதுதான்.

மறுப்பது சரியா, எடுத்து அடிப்பது சரியா? நம் கூட்டங்களில் இது ஓயாத சண்டை. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை எனக்கு இதில் ஒரு தெளிவைக் கொடுத்தது. சித்தப்பா மறுத்தது தப்பை அல்ல, கூப்பிட்ட குரலை. திண்டுக்கல் பெண்கள் எடுத்தது தப்பை. யாரும் கூப்பிடாமலே எடுத்தார்கள். ரெண்டிலும் கேள்வி ஒன்றுதான்: யார் சொல்லி அடிக்கிறாய்? மேடையில் நின்ற பையன் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டை ஆரம்பிக்காமல் தண்ணி குடித்தான். கூட்டம் கத்தியது. அவன் மெதுவாக மூடியைத் திருகி பாட்டிலை வைத்துவிட்டுத்தான் குச்சியை எடுத்தான். கேத வீட்டில் அப்படி நிறுத்தினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த அரை நிமிஷத்தில்தான் என் கால் அசைய ஆரம்பித்தது.

இனிக் குறைகளைச் சொல்ல வேண்டும். பாராட்டுக்கு மட்டும் விமர்சனம் எழுதுகிற வேலையை மார்கழிக் கச்சேரிக்காரர்கள் நன்றாகவே செய்கிறார்கள்.

முதலாவது, அரங்கு. மாட்டுக்கறி பற்றிய பாட்டை அங்கே பாடலாம். ஆனால் மாட்டுத்தோலுக்குச் சூடு காட்ட ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்த முடியாது. தீயணைப்பு விதி. தப்புக்கு நெருப்புத்தான் சுருதி. நெருப்பில்லாத இடத்துக்கு ஏற்ற மாதிரி இன்று பறைக்கு ஃபைபர் வந்துவிட்டது. மழைக்கு நமநமக்காது, தூக்க லேசு, நாற்றமும் கிடையாது. நாற்றம் போனால் நல்லதுதானே என்பார்கள். யார் மூக்குக்கு நல்லது என்று நான் கேட்பேன். இது அந்தக் குழுவின் மேல் சொல்கிற குற்றமில்லை. நம்மை உள்ளே விட்ட அரங்கு, நம்மில் எதை வாசலில் கழற்றிவைக்கச் சொல்கிறது என்ற கேள்வி.

ரெண்டாவது, கூட்டம். இடஒதுக்கீட்டைப் பற்றிய பாட்டுக்கு எனக்குப் பக்கத்தில் கைதூக்கி ஆடினவர்களில் எத்தனை பேர் மறுநாள் ஆபீசில் ‘கோட்டா ஆள்’ என்று முணுமுணுப்பார்கள்? எனக்குத் தெரியாது. ஆனால் கறுப்பர் தாளத்துக்கு ஆடின எல்லா வெள்ளைக்காரனும் கறுப்பருக்கு வீடு வாடகைக்குக் கொடுத்துவிடவில்லை என்பது தெரியும். ஆடுவதை ஆதரவு என்று எண்ணிக் கணக்கில் வரவு வைக்கக்கூடாது.

மூன்றாவது கொஞ்சம் கசக்கும். ‘சாதியற்ற’ என்ற பேரின் சோதனை மேல்சாதிக்காரனிடம் மட்டும் நடப்பதில்லை. எங்க வட்டாரத்தில் கொட்டடிக்கிற தெருவை ஒரு படி கீழே வைக்கிற பழக்கம் ஒடுக்கப்பட்ட தெருக்களுக்குள்ளேயே உண்டு. போராட்டத்துக்குத் தோள் சேரலாம், பந்தியில் சேர மாட்டோம் என்கிற கதை. 2009ல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோது நம் மேடைகளில் எழுந்த முணுமுணுப்பு எனக்கு நினைவிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உள்ஒதுக்கீடு செல்லும் என்று உச்சநீதிமன்றம் சொன்னபோதும் அதே முணுமுணுப்பு. மேல்சாதியைக் கிண்டல் பண்ணிப் பாடச் சொன்னால் நூறு பாட்டுக் கட்டுகிறோம். நமக்குள் இருக்கிற படிக்கட்டைப் பற்றி ஒரு பாட்டு அந்த ராத்திரி நான் கேட்கவில்லை.

நாலாவது, மலை. கானா வடசென்னையின் சொத்து. கேத வீட்டிலும் தெருமுனையிலும் பிறந்து வளர்ந்த பாட்டு. அதை மேடையேற்றினது பெரிய காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தலித் இசை என்றால் வடசென்னை ஆண்குரல் என்று ஆகிவிடக்கூடாது. 19 பேரில் ஒரே ஒரு பெண், இசைவாணி. ஆண்கள் கோட்டையான கானாவுக்குள் நுழைந்தவர், 2020ல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம் பெற்றவர். அவர் மைக்கைப் பிடித்தபோது அரங்கின் சத்தமே வேறு மாதிரி ஆனது. அத்தை வந்திருந்தால் அந்தக் குரலுக்குத்தான் தலையாட்டியிருக்கும். அவர் பாடின ஐயப்பன் பாட்டு, 2018 செப்டம்பர் 28 சபரிமலைத் தீர்ப்பின் சூட்டில் வந்தது. ஆறு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், அதைத் தோண்டியெடுத்துப் புகார் கொடுத்தார்கள். அசிங்கமான மிரட்டல்கள் அவருக்குத்தான் வந்தன. கார்த்திகையில் மாலை போட்ட வண்டிகள் தேனி, கம்பம், குமுளி என்று எங்க சாலை வழியாகத்தான் போகும். அந்தச் சாலையோரப் பெண்கள் மேலே கூலிக்குப் போகலாம், சாமிக்குப் போகக்கூடாது. கலகம் பண்ணினது குழு, கணக்குத் தீர்க்கப்பட்டது ஒரு பெண்ணிடம். நாம் அப்போது எவ்வளவு பேர் வாய் திறந்தோம்?

மலைப் பெண்களிடம் பங்க் இல்லையா? 2015 செப்டம்பரில் மூணாறில் பார்த்தோமே. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், பெரும்பாலும் நம் பெண்கள், ‘பெண்பிள்ளை ஒருமை’ என்ற பேரில் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். கம்பெனியை மட்டுமில்லை, ஆண் தலைவர்கள் நடத்தின தொழிற்சங்கங்களையும் கிட்டே வரவிடவில்லை. கோஷத்தை எழுதிக்கொடுக்க ஆள் இல்லை. அங்கேயே கட்டிச் சொன்னார்கள். ஒன்பது நாளில் 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். மேடை, மைக், கிட்டார் எதுவும் இல்லாமல் நடந்த அதைவிடப் பெரிய பங்க் நிகழ்ச்சி இந்த மலையில் நடந்ததில்லை. அதற்கு ஒரு பாட்டு நம்மிடம் இருக்கிறதா?

வழி தெரியாமல் இல்லை. குழுவில் ராப் சொன்ன அறிவு அரக்கோணத்துக்காரர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் லட்சக்கணக்கான மலைத் தமிழரைக் கப்பலேற்றியதே, அந்தக் கதையின் ஆள். 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ அந்தப் பாட்டியின் வாயிலிருந்து பிறந்து உலகமெல்லாம் போனது. பாட்டியைக் கேட்டால் பாட்டு வரும் என்பதற்கு அது நிரூபணம். எங்க மலையில் இப்படி எத்தனையோ பாட்டிகள் இருக்கிறார்கள். காய் எடுக்கும்போது கங்காணியை மறைமுகமாக வைது பாடின பாட்டுகள் ஜீப் ஸ்பீக்கர் வந்தபிறகு குறைந்துகொண்டே வருகின்றன. பாடத் தெரிந்தவர்கள் மருந்துக் காற்றைக் குடித்த நெஞ்சோடு இருமிக்கொண்டு கிடக்கிறார்கள்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். சென்னைக்குப் போய் அந்த மாதிரிக் குழுக்களைப் பாருங்கள். நான் போனபோது போடிக்கு ரயில் கிடையாது. 1928ல் ஏலக்காய் ஏற்ற வந்த ரயிலை 2010 கடைசியில் நிறுத்தி, 2023 ஜூன் 15 அன்றுதான் திரும்ப விட்டார்கள். இப்போது சென்ட்ரலிலிருந்து நேராகவே வண்டி வருகிறது. அந்த வண்டியில் பாட்டுக்காரர்களும் இந்தப் பக்கம் வரட்டும். அரங்கு வேண்டாம், ஜீப் ஸ்டாண்டு போதும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வையுங்கள், அன்றைக்குத்தான் பெண்கள் வீட்டிலிருப்பார்கள். தப்புக்குச் சூடு காட்ட வைக்கோல் எங்க தெருவில் இருக்கிறது. எங்க அத்தைமார் நாலு பேரை மேடையேற்றிப் பாடச் சொல்லுங்கள். நோட்டீஸ் அடிக்கும்போது அடியில் ஒரு வரி தவறாமல் போடுங்கள்: பாடினவருக்கு இவ்வளவு, கிட்டாருக்கு இவ்வளவு, கொட்டுக்கு இவ்வளவு, எல்லாம் ஒரே கூலி, எல்லாம் கையில்.